இனிஷியலைத் தேடும் வங்கி

வங்கிக் கிளை என்றால் பணம் வரும், பணம் போகும், நடுவில் வட்டி போடுவார்கள் என்பதுதான் பலரின் எண்ணம். பி.காம். வங்கி மேலாண்மை இரண்டாம் ஆண்டை முடித்திருந்த எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன், காசோலையின் ஆயுள் மூன்று மாதம், டெபாசிட் காப்பீடு ஐந்து லட்சம் ரூபாய் வரை என்று தேர்வுக்குப் படித்ததெல்லாம் நுனிநாக்கில் இருந்தது. ஆனால் காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்ததிலிருந்து மாலை வரை ஒரு கிளையில் எது அதிக நேரத்தைத் தின்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பணம் எண்ண இயந்திரம் இருக்கிறது. வட்டி போடக் கணினி இருக்கிறது. எதிரில் நிற்பவர் தான் சொல்கிற அந்த ஆள்தானா என்று முடிவு செய்வதற்குத்தான் மனிதர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்.

2025 மே, ஜூன் மாதங்களில் வடசென்னையில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் எனக்கு இன்டர்ன்ஷிப். எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்காரர்கள், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் என்று மூன்று உலகங்களும் அங்கே ஒரே வரிசையில் நின்றன. வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் ஒன்றும் கூடப்போவதில்லை; நான் பார்த்தது வடசென்னையில் எந்தக் கிளையிலும் நடக்கக்கூடியது.

இன்டர்ன்ஷிப் கிடைத்த கதை நீளமானதல்ல. கல்லூரி முதல்வரின் கடிதம் மண்டல அலுவலகத்துக்குப் போனது, அங்கிருந்து கிளைக்கு வந்தது, மேலாளர் ஒரு பார்வை பார்த்துவிட்டு “நாளையிலிருந்து வாம்மா” என்றார். உதவித்தொகை கிடையாது. கணினியில் கை வைக்கக் கூடாது, பெட்டக அறைப் பக்கம் போகக் கூடாது, வாடிக்கையாளர் விவரம் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. இத்தனை ‘கூடாது’களும் போக மிச்சம் இருந்த வேலைகள்: பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தின் அருகில் நிற்பது, வவுச்சர்களை வரிசைப்படுத்திக் கட்டுவது, எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது. இந்த மூன்றாவது வேலைதான் எனக்குப் பாடமாக அமைந்தது.

கணக்குத் தொடங்கும் படிவத்தில் பெயருக்கு மூன்று கட்டங்கள் உண்டு: முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர். இதை வடிவமைத்தவருக்கு நிச்சயம் ஒரு குடும்பப் பெயர் இருந்திருக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் கிடையாது. நமக்கு இருப்பது ஒரு பெயர், அதன் முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். இதை மூன்று கட்டத்துக்குள் அடைக்கும்போது கூத்து தொடங்குகிறது. முருகன் என்பவர் சுப்பிரமணியின் மகன் என்றால், வாக்காளர் அட்டையில் வெறும் முருகனாகவும், ஆதாரில் முருகன் எஸ். ஆகவும், பான் அட்டையில் சுப்பிரமணி முருகனாகவோ முருகன் சுப்பிரமணியாகவோ இருப்பார். பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயருக்கு இனிஷியல் போட விடமாட்டார்கள். விரித்து எழுதியே ஆக வேண்டும். அங்கேதான் அப்பா மகனுக்குள் குடிவந்துவிடுகிறார்.

பெண்களுக்கு இது இரட்டிப்பு. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, திருமணத்துக்குப் பிறகு எடுத்த அட்டைகளில் கணவரின் எழுத்து. பாஸ்புக்கில் எந்த எழுத்து இருக்கும் என்பது கணக்கு எந்த வயதில் தொடங்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல். ழகரத்துக்கு ஒருவர் ‘எல்’ போடுவார், இன்னொருவர் ‘இஸட் ஹெச்’ போடுவார். தமிழரசி என்ற பெயரை மூன்று விதமாக எழுதிய மூன்று அட்டைகளை ஒரே பையிலிருந்து எடுத்து வைத்த ஒரு பெண்மணி, மூன்றும் அரசாங்கம் கொடுத்ததுதானே என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் மட்டுமல்ல, அங்கிருந்த யாரிடமும் பதில் இல்லை.

இந்தக் குளறுபடியை வங்கிக்காரர்கள் “நேம் மிஸ்மேட்ச்” என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். கணக்குப் பிரிவில் இருந்த அதிகாரி ஒடிசாக்காரர். நல்ல மனிதர், கடும் உழைப்பாளி. தமிழ் பேச முயன்று, ‘வாங்க’, ‘உட்காருங்க’ வரை வந்திருந்தார். ஆனால் ஒவ்வொரு படிவம் வரும்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்: இதில் குடும்பப் பெயர் எது? குடும்பப் பெயரே கிடையாது சார் என்று முதல் வாரம் முழுக்க விளக்கினேன். “அப்படியானால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” என்று உண்மையான வியப்போடு கேட்டார். தமிழ்நாட்டில் யாரும் அந்தக் கோணத்தில் யோசித்திருக்கமாட்டார்கள். தமிழ் தெரியாதவர்களைக் கவுன்டரில் உட்கார வைப்பதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபம் அவர் மீது இல்லை, அவரை அங்கே அனுப்பிவிட்டு மொழி கற்றுக்கொள்ள நேரமும் தராதவர்கள் மீதுதான். படிவத்தில் தமிழில் போட்ட கையெழுத்தையும் கணினியில் ஏற்றப்பட்ட பழைய கையெழுத்தையும் அவர் ஓவியத்தை ஒப்பிடுவதுபோல ஒப்பிடுவார். எழுத்து தெரியாதவருக்கு வேறு வழி?

கோடையில் அந்தப் பக்கத்துக் கிளைகளில் நகைக்கடன் கூட்டம் அலைமோதும். காரணங்கள் இரண்டு. வங்கக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், படகில் போகிறவர்களுக்கும் வருமானம் இல்லை, அவர்கள் கொண்டுவருவதை வாங்கி விற்கிறவர்களுக்கும் இல்லை. தடை முடியும் நேரத்தில் வலை, இஞ்சின், டீசல் என்று செலவு. அதே ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கும். சவரன் 70 ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருந்த நேரம் வேறு. போன வருடம் வைத்த அதே நகைக்கு இந்த வருடம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நகை மதிப்பீட்டாளரின் மேசை ஒரு மூலையில் இருக்கும். அவர் வங்கி ஊழியர் அல்ல; மதிப்பிடும் நகைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறவர். பரம்பரைப் பொற்கொல்லர் குடும்பம். அவர் வேலையைப் பார்க்க எனக்குத் தடையில்லை என்பதால் நேரம் கிடைக்கும்போதெல்லாம் அங்கே போய் நின்றேன். சங்கிலியைக் கையில் வாங்கியதும் முதலில் கொக்கியைப் பார்ப்பார். மோசடிக்காரர்கள் கொக்கியை மட்டும் நல்ல தங்கத்தில் வைத்துவிட்டு மீதியில் முலாம் பூசுவார்கள், சோதிக்கிறவன் சோம்பேறியாக இருந்தால் கொக்கியை உரசிவிட்டு விட்டுவிடுவான் என்றார். அதனால் கொக்கி, நடு, முனை என்று மூன்று இடங்களில் உரைகல்லில் கோடு இழுப்பார். கோட்டின் மேல் அமிலம் ஒரு சொட்டு. கோடு நின்றால் தங்கம், மங்கினால் மாற்றுக் குறைவு, மறைந்தால் பித்தளை. அதன்பிறகு தராசு. மொத்த எடையிலிருந்து கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து நிகர எடை எழுதுவார். எல்லாமாகச் சேர்த்து ஐந்து நிமிடம்.

ஒரு நாள் மீன் விற்கும் ஓர் அக்கா வந்தார். மகனுக்கு ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்திருந்தது. இடக்கையில் இரண்டு வளையல்கள். போட்ட பிறகு கழற்றியதே இல்லையாம். இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அட்டெண்டர் அண்ணன் கைகழுவும் இடத்திலிருந்து தேய்ந்துபோன சோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் தொட்டு, சோப்பு தடவி, கட்டை விரல் மூட்டை மற்றொரு கையால் உள்ளே அமுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு. முதல் வளையல் வந்தது. இரண்டாவது மூட்டில் சிக்கி நின்றது. வரிசையில் நின்ற முன்பின் தெரியாத இன்னொரு பெண், “விரலை மடக்காதே” என்று அதட்டியபடி தானே கையைப் பிடித்து உருவி எடுத்துவிட்டார். கையைச் சுற்றி வெளுத்த இரண்டு வளையம். மதிப்பீட்டாளர் சோப்பைத் துடைத்துவிட்டு உரசிப் பார்த்தார். சுத்தமான தங்கம்.

தங்கம் தேறிவிட்டது, ஆள் தேறவில்லை. கடன் தொகை அவருடைய சேமிப்புக் கணக்கில்தான் வரவாகும். அந்தக் கணக்கின் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் யார் என்பதற்கான அடையாளச் சரிபார்ப்பு, காலாவதியாகியிருந்தது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி அபாயம் குறைந்த வாடிக்கையாளர்களாக இருந்தாலும் பத்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பாஸ்புக்கில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல். ஓடிபி வைத்துச் சரிபார்க்கலாம் என்றால் ஆதாரோடு இணைத்த எண் எப்போதோ செத்துப்போன சிம். சரி, கைரேகை. விரலை வைக்கச் சொன்னார்கள். இயந்திரம் ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடக்கைக் கட்டை விரல். ஐஸ் கட்டியும் மீன் செதிலும் பல வருடங்களாக உராய்ந்த விரல்களில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? கல் உடைப்பவர்களுக்கும் சலவைத் தொழிலாளர்களுக்கும் இதே கதிதான் என்று கேஷியர் மேடம் சொன்னார். கடைசியில் வலக்கை மோதிர விரல் ஒப்புக்கொண்டது. பெயர் வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் என்னையே குறிக்கும் என்று ஓர் உறுதிமொழிக் கடிதம். வங்கி வழக்கில் அதற்கு “ஒன் அண்ட் சேம் லெட்டர்” என்று பெயர். கடிதத்தை எழுதியது நான். கீழே தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதியது அவர். இனிஷியல் போடவா வேண்டாமா என்று என்னைக் கேட்டார். அதிகாரியைக் கேட்டேன். அவர் மேலாளரைக் கேட்டார். வளையல் கழற்றிய நேரத்தைவிட இதற்குப் பல மடங்கு ஆனது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது வெளியே இன்னொரு புயல். நகைக்கடனுக்கான வரைவு விதிகளை ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்டிருந்தது. அடகு வைக்கும் நகை தன்னுடையதுதான் என்பதற்குச் சான்று வேண்டும் என்று அதில் இருந்த பகுதி, ‘இனிமேல் பில் இல்லாமல் நகைக்கடன் இல்லை’ என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தமிழ்நாட்டில் பல கட்சிகளும் எதிர்த்தன, முதலமைச்சர் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். பாஸ்புக் இயந்திரத்தின் அருகில் நிற்கும் என்னை வங்கியின் செய்தித் தொடர்பாளராகவே நினைத்துக்கொண்டு ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரு பாட்டி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “என் மாமியார் போட்ட நகைக்குப் பில் வேண்டுமென்றால் நான் எந்தச் சுடுகாட்டில் போய்க் கேட்பேன், பாப்பா?”

ஜூன் 6-ஆம் தேதி இறுதி விதிகள் வந்தன. நகை என்னுடையதுதான் என்று கடன் வாங்குபவர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே போதும் என்று ஆயிற்று. நீண்ட காலமாக நகை மதிப்பில் 75 சதவீதம் என்று இருந்த கடன் வரம்பு, இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 85 ஆக உயர்த்தப்பட்டது. வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வரும் ஒரு சதவீதம், கவுன்டரில் ஒருவருக்கு மகனின் ஒரு பருவக் கட்டணம்.

இத்தனை சரிபார்ப்பும் எதற்கு என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தபோது என் வயதுப் பையன் ஒருவன் வந்தான். கணக்கு முடக்கப்பட்டிருந்தது. ஆதார், பான், பாஸ்புக் எதிலும் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை; கைரேகை முதல் தடவையிலேயே பச்சை விளக்கு. வேறு மாநிலத்தில் யாரோ சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்து இணையவழி மோசடி பற்றிக் கொடுத்த புகாரில் இவன் கணக்கு எண் வந்திருந்தது. சில ஆயிரம் ரூபாய்க்கு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் ‘நண்பனின் நண்பனிடம்’ கொடுத்துவைத்திருக்கிறான். கணக்கை இப்படி வாடகைக்கு விடுவதுதான் இப்போது வங்கிகளுக்குப் பெரிய தலைவலி, அதில் மாட்டுகிறவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள் என்று மேலாளர் சொன்னார். என் பக்கம் திரும்பி, உன் வகுப்பில் போய்ச் சொல் என்றும் சொன்னார். சொன்னேன். இரண்டு பேர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே மேற்கொண்டு எழுதுவதாக இல்லை.

அந்த அக்காவின் அட்டைகளில் எதுவும் எதோடும் ஒட்டவில்லை, அவரிடம் பொய் இல்லை. இவன் அட்டைகளில் எல்லாம் கச்சிதம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் முறை எதைப் பிடிக்கிறது, எதைக் கோட்டைவிடுகிறது என்று நான் கேட்டபோது, கேஷியர் மேடம் வேறொரு பக்கத்தைக் காட்டினார். நாளைக்கு ஒரு கணக்கில் தில்லுமுல்லு வெளிவந்தால் விசாரணைக்கு வருபவர்கள் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். கோப்பில் காகிதம் இருக்கிறதா, யார் ஒப்பமிட்டது என்றுதான் பார்ப்பார்கள். ஓய்வு பெறும் நேரத்தில் பழைய கையெழுத்து ஒன்று துரத்திவந்த கதைகள் அவரிடம் இருந்தன. அதனால் இரக்கம் இருந்தாலும் காகிதம் இல்லாமல் நகரமாட்டார்கள். அதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் கட்டங்களை மூன்றாகப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியும், சொல்கிறேன்.

துறைமுக ஓய்வூதியர் ஒருவர் இதையெல்லாம் வேறு விதமாகப் பார்த்தார். மேலாளர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கணக்கு அவருடையது. “நான் யார் என்று நீங்கள் கேட்கிறீர்கள், நீங்கள் யார் என்று நான் என்றைக்காவது கேட்டேனா?” என்று சத்தம் போட்டுவிட்டு, கேட்ட அத்தனை நகல்களையும் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவர் விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்வியை இந்த ஊர் ஒரு காலத்தில் கேட்கத் தவறி, பெரும் விலை கொடுத்திருக்கிறது. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் திவாலானது. பெரிய வெள்ளைக்காரப் பெயர், அதை நம்பிச் சேமிப்பைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடியிலிருந்து, நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று உருவாக்கியதுதான் 1907 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய இந்தியன் வங்கி. பாரிமுனையில் பஸ் மாறும்போதெல்லாம் ராஜாஜி சாலையின் பழைய கட்டடங்களைப் பார்க்கிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் இந்தக் கதைக்கு ஒரு வரிகூட இல்லை.

கல்லூரிக்கு அறிக்கை எழுதவேண்டிய கட்டம் வந்தது. பெயர் வேறுபாடு பற்றி எழுதுகிறேன் என்றேன். வழிகாட்டும் பேராசிரியை, தரவு எங்கே என்றார். நியாயமான கேள்வி, வாடிக்கையாளர் விவரத்தை வெளியே எடுக்க எனக்கு அனுமதி கிடையாது. ஆகவே ஊரே எழுதும் ‘வாடிக்கையாளர் திருப்தி’ எனக்கும் வாய்த்தது. நூறு பேரிடம் வினாத்தாள், ‘கை-ஸ்கொயர்’ என்ற புள்ளியியல் சோதனை, வண்ண வட்ட வரைபடங்கள். வரிசையில் வியர்த்து நின்றவர்களிடம், ‘வங்கியின் சூழல் உங்களுக்கு மிகவும் திருப்தியா, ஓரளவு திருப்தியா’ என்று கேட்டேன். பெரும்பாலோர், நீயே நல்லதாகப் பார்த்துப் போட்டுக்கொள் பாப்பா என்றார்கள். அப்படிப் போடாமல் உட்கார்ந்து கேட்டு வாங்கியதில் எனக்குச் சின்னப் பெருமை உண்டு. அறிக்கைக்கான வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர், மொத்த டெபாசிட்டில் சேமிப்பு, நடப்புக் கணக்குகளின் விகிதம் ஏன் முக்கியம் என்று கேட்டார், சொன்னேன், முடிந்தது.

அதன்பிறகு வீட்டில் என் அட்டைகளை மேசையில் பரப்பிவைத்தேன். வங்கித் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கப்போகிறேன். அனுமதிச் சீட்டில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. ஆதாரில் என் பெயரோடு ஓர் எழுத்து, பான் அட்டையில் அப்பாவின் முழுப் பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எழுத்து முன்னால். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். ஒரு முறையைப் பள்ளியில் படிக்கும்போதே எழுத்துப்பிழை திருத்தச் செலவழித்தாயிற்று. பானுக்கு ஏற்றபடி ஆதாரை மாற்று, என் பெயர் முழுசாக வரட்டும் என்கிறார் அப்பா. அவருக்கு அதில் உள்ளூர மகிழ்ச்சி. நாளைக்குக் கல்யாணமானால் மறுபடியும் மாற்ற முடியாதே என்கிறார் அம்மா. மாற்றுவதாக எனக்கு எண்ணமே இல்லை என்று சொல்லி அதற்கும் ஒரு சண்டை ஆயிற்று. ஆதார் சேவை மையத்தில் வியாழக்கிழமை காலைக்கு நேரம் கிடைத்திருக்கிறது.